மஞ்சக்குப்பம் சலூனும் மான்செஸ்டர் ட்ராவும்

என் மகனுக்கு முடி வெட்ட ஒரு நல்ல சலூன் கிடைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. முன்பு போய்க்கொண்டிருந்த ஏசி கடையில் அவசரமாக மிஷினை ஓட்டி அவன் காதோரத்தைக் கிழித்துவிட்டார்கள். பஞ்சை வைத்து அழுத்திவிட்டு 250 ரூபாய் பில்லையும் நீட்டினார்கள். அதற்கப்புறம் சலூன் நாற்காலியைப் பார்த்தாலே அவன் கழுத்து விறைத்துக்கொள்ளும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மைதானத்தைத் தாண்டி உள்ளே போகிற ஒரு தெருவில் இருக்கிறது இந்தக் கடை. பக்கத்து வீட்டு மாமா சொல்லித்தான் தெரியும். பலகையில் பெயரெல்லாம் வெயிலில் வெளுத்துப் போய் 'சலூன்' என்ற எழுத்து மட்டும் மிச்சம். இரண்டு சுழல் நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு, பெஞ்சுக்கு மேலே சுவரில் டி.வி. கடைக்கார அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கூட அவருடைய அக்கா மகன்.

வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பின்கழுத்துக்கு மட்டும்தான் மிஷின். மீதி முழுக்க சீப்பும் கத்திரியும். ஷேவிங்குக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் புது பிளேடு. அவர் கண் முன்னாலேயே காகிதத்தைப் பிரித்து, பாதியாக உடைத்து, கத்தியில் மாட்டுகிறார். முடிந்ததும் படிகாரக் கட்டியை நனைத்துத் தடவுகிறார். போர்த்துகிற துணி துவைத்த துணி. எனக்கு இதெல்லாம் முக்கியம்.

அண்ணனிடம் ஒரு பழக்கம். டி.வி.யில் பவுலர் ஓடிவர ஆரம்பித்ததும் கத்திரியைத் தலையிலிருந்து எடுத்துவிடுவார். பந்து என்ன ஆனது என்று தெரிந்த பிறகுதான் மறுபடி கை வைப்பார். "கவனம் ரெண்டா பிரிஞ்சா காது போயிடும் டீச்சர்" என்றார் முதல் நாளே. காதில் தழும்போடு உட்கார்ந்திருந்த என் பையன் அதைக் கேட்டுத்தான் கொஞ்சம் தளர்ந்தான். அதனால் டெஸ்ட் மேட்ச் நடக்கும் நாளில் அரை மணி நேர வேலைக்கு முக்கால் மணிக்கு மேல் ஆகும். அவசரக்காரர்கள் அன்றைக்குப் போக வேண்டாம். இன்னொரு விதியும் உண்டு. ஷேவிங் நாற்காலியில் இருப்பவர் வாதத்தில் சேரக் கூடாது, தாடை அசையும். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

அந்தக் கடையில் வாதம் என்றால் ஒன்றுதான்: கட்டையா, அடியா? யாரும் ஜெயிக்காமல் முடிகிற ட்ராவுக்கு ஆடுவதா, ஜெயிக்கப் பார்ப்பதா?

நாங்கள் 2025 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் போனோம். மான்செஸ்டர் டெஸ்டின் ஐந்தாம் நாள். இங்கிலாந்து 669 அடித்து 311 ரன் முன்னிலை எடுத்திருந்தது. நம்முடைய இரண்டாவது இன்னிங்ஸில் முதல் ஓவரிலேயே, ஒரு ரன் கூட எடுக்காமல் இரண்டு விக்கெட். அப்புறம் ராகுலும் கில்லும் ஒரு ராத்திரியைத் தாண்டி நின்றார்கள், அவர்களும் போனார்கள். ரிஷப் பண்ட்டுக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. ஜடேஜா சந்தித்த முதல் பந்தே ஸ்லிப்பில் ரூட் கையில் பட்டு நழுவியது. நாங்கள் உள்ளே நுழைந்தபோது ஜடேஜாவும் நம்ம வாஷிங்டன் சுந்தரும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

டி.வி. பின்சுவரில் இருப்பதால் நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணாடியில்தான் மேட்ச் பார்க்க வேண்டும். ஸ்கோர் எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும். "அம்மா, ரெண்டு பேரும் ரைட் ஹேண்டா ஆயிட்டாங்க" என்றான் பையன். இரண்டு இடது கைக்காரர்களும் கண்ணாடியில் வலது கையால் கட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெஞ்சில் நால்வர். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்த ஒரு தம்பி, "எப்படியும் தோக்கப் போறோம், அடிச்சாவது பார்க்கலாம்" என்றார். ஓ.டி.யிலிருந்து, அதாவது கடலூர் பழைய டவுனிலிருந்து, வந்திருந்த பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "என்னத்த அடிக்கிறது? முன்னூத்தி பதினொண்ணும் அடைஞ்சு, அதுக்கு மேலயும் அடிச்சு, அப்புறம் அவனுங்கள பத்து பேரையும் எடுக்கணும். நேரம் எங்க இருக்கு? நிக்கிறதுதான் வேலை." பெரியவர் சொன்னதுதான் சரி. ஜெயிக்கும் வழி அடைபட்ட பிறகு அடித்து ஆடுவதை வீரம் என்று நான் நினைக்கவில்லை. நிற்பதுதான் கஷ்டம்.

என் பையன் ஐ.பி.எல். பார்த்து வளர்ந்தவன். "ட்ரான்னா யாரும் ஜெயிக்கலைதானே, அப்புறம் எதுக்கு ஆடணும்?" என்று கேட்டான். அண்ணன் அவனுக்குச் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. "இப்ப தொடர் ரெண்டுக்கு ஒண்ணு. இதுல தோத்தா மூணுக்கு ஒண்ணு, கதை முடிஞ்சது. நின்னுட்டா அடுத்த மேட்ச்ல சமன் பண்ண இடம் இருக்கு." உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் கணக்கில் ட்ராவுக்கு 4 புள்ளி, ஜெயித்தால் 12, இரண்டு பக்கமும் ஒரே ஸ்கோரில் முடிந்து டை ஆனால் 6 என்பதை அக்கா மகன் பக்கத்து நாற்காலியிலிருந்து எடுத்துக்கொடுத்தார். துத்திப்பட்டு மைதானத்தில் வலைப்பயிற்சிக்குப் போகும் ஒரு கல்லூரிப் பையன் மாநில அணிகள் ஆடும் ரஞ்சிக் கோப்பையைக் கொண்டுவந்தான்: அங்கே மேட்ச் ட்ரா ஆனாலும் முதல் இன்னிங்ஸ் முன்னிலை எடுத்தவருக்கு 3 புள்ளி, மற்றவருக்கு 1, அதனால் ட்ராவுக்குள்ளேயே ஒரு ஜெயிப்பு இருக்கிறது. இப்படி விவரத்தோடு பேசுகிற இடம் இது. கத்துவதற்காகக் கத்துபவர் யாரும் இல்லை.

நானும் பேசினேன். என் அப்பா 1986 செப்டம்பரில் கடலூரிலிருந்து பஸ் ஏறி சேப்பாக்கத்தில் அந்த டை ஆன டெஸ்டின் கடைசி நாளைப் பார்த்தவர். ராத்திரியே டிக்ளேர் செய்து ஆஸ்திரேலியக் கேப்டன் ஆலன் பார்டர் நமக்கு ஒரே நாளில் 348 ரன் இலக்கு கொடுத்தார். இரண்டு பக்கமும் ஜெயிக்க ஆடிய நாள் அது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசி ஓவரில் 4 ரன் வேண்டும், ஒரு விக்கெட் மிச்சம். ரவி சாஸ்திரி ஒரு இரண்டும், அப்புறம் ஒரு சிங்கிளும் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்தார். அந்தச் சிங்கிளோடு இந்தியா தோற்கும் வழி அடைபட்டது. ஆனால் பேட்டிங் மணிந்தர் சிங்கிடம் போனது. மேத்யூஸின் ஐந்தாவது பந்தில் அவர் எல்.பி.டபிள்யூ. அவுட். அந்தச் சிங்கிளை எடுத்திருக்க வேண்டுமா என்று அப்பாவும் சித்தப்பாவும் முப்பது வருஷம் சண்டை போட்டார்கள். அப்பா, எடுத்தது சரி என்பார். இந்தக் கடையின் பெரியவரும் அன்றைக்கு சேப்பாக்கத்தில் இருந்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பா இப்போது இல்லை.

ஆனால் எல்லா ட்ராவையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன். 2011 ஜூலையில் வெஸ்ட் இண்டீஸோடு டொமினிகாவில் நடந்ததை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 47 ஓவரில் 180 வேண்டும். 32 ஓவரில் 94-க்கு 3. மிச்சம் 15 ஓவரில் 86, கையில் 7 விக்கெட், களத்தில் டிராவிடும் லக்ஷ்மணும். ட்ரா போதும் என்று கை குலுக்கிவிட்டு வந்துவிட்டார்கள். அண்ணன் அப்போதைய கேப்டன் தோனி பக்கம். "தொடர் ஒண்ணுக்கு சைபர்னு கையில இருக்கு டீச்சர், பிட்ச்சும் மெதுவா இருந்துச்சு, எதுக்கு ரிஸ்க்கு?" என்றார். அதே அணிதானே 2008 டிசம்பரில் சென்னையில் 387-ஐத் துரத்தி அடித்தது என்றேன். பத்து ஓவர் முயன்று பார்த்துவிட்டு, விக்கெட் விழுந்தால் கதவைச் சாத்தியிருக்கலாம். முயலவே இல்லை என்பதுதான் என் வருத்தம். தோற்கும் நிலையில் நின்று காப்பாற்றிய ட்ராவையும் ஜெயிக்கும் நிலையில் விட்டுவிட்டு வந்த ட்ராவையும் ஒரே எழுத்தில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான் ஒற்றுமை. 2021-ல் சிட்னியில் விஹாரியும் அஸ்வினும் அடிபட்ட உடம்போடு நின்றது முதல் வகை. விஹாரி 161 பந்தில் 23. அடுத்த டெஸ்டில், பிரிஸ்பேனில், ட்ரா செய்தாலே கோப்பை நம்மிடம் தங்கும் என்ற நிலையிலும் 328-ஐத் துரத்தினார்கள். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். அண்ணன் கத்திரியை நிறுத்தி, "அது சரி" என்றார். அவர் ஒத்துக்கொள்வது அபூர்வமாம்.

பையனுக்கு வெட்டி முடித்து எட்டு மணி ஆனது. நாங்கள் கிளம்பவில்லை. கடையை ஒன்பது மணிக்குச் சாத்த வேண்டும்; அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டி.வி.யை ஓடவிட்டார். ஒன்பதரைக்கு மேல், 15 ஓவர் மிச்சமிருக்கும்போது, இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் ட்ராவோடு முடித்துக்கொள்ளலாம் என்று வந்து கை நீட்டினார். ஜடேஜா 89, வாஷிங்டன் 80. மறுத்துவிட்டார்கள். நாள் முழுக்க நின்றவர்கள் நூறை எட்ட நினைத்ததில் என்ன தப்பு? சிப்காட் தம்பிதான் இப்போது எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினார். ஜடேஜா 107, வாஷிங்டன் 206 பந்தில் 101, டெஸ்டில் அவருடைய முதல் நூறு. இந்தியா 425-க்கு 4. ட்ரா.

சரி, மற்ற விவரங்கள். பெரியவர்களுக்குக் கட்டிங் 120, பிள்ளைகளுக்கு 100, ஷேவிங் 70. ஜிபே உண்டு. செவ்வாய்க்கிழமை லீவு. ஞாயிறு காலையில் கூட்டம் தெருவரை நிற்கும், டோக்கன் கிடையாது, வந்த வரிசைதான். பிள்ளைகளைக் கூட்டிப்போகும் அம்மாக்கள் தயங்க வேண்டாம். பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார்கள், பேச்சும் அளவாக இருக்கும். குறை என்று சொன்னால் ஒரே ஒரு ஃபேன், அதுவும் நாற்காலி பக்கம் மட்டும். மே மாதத்தில் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்வது வேதனை. இன்னொரு ஃபேன் போடச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன். வாசல் படி உயரம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு கை தேவைப்படும். டி.வி. சத்தத்தையும் கொஞ்சம் குறைக்கலாம்.

அடுத்த வாரம், ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை, ஓவல் டெஸ்டின் கடைசி நாள். இங்கிலாந்துக்கு 35 ரன், நமக்கு 4 விக்கெட். பள்ளிக்கூடம் விட்டதும் பையன் வீட்டுக்கு வராமல் நேராகக் கடைக்கு ஓடியிருக்கிறான். சிராஜ் கடைசி விக்கெட்டை எடுத்து 6 ரன்னில் ஜெயித்து, தொடர் இரண்டுக்கு இரண்டு ஆனதை அங்கேதான் பார்த்தான். முடி வெட்ட வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் அண்ணன் காலியாக இருந்த நாற்காலியை டி.வி. பக்கம் சுழற்றிவிட, அவனே ஏறி உட்கார்ந்துகொண்டானாம்.