மிஞ்சும் குட்டிகளுக்கு வளர்ப்புத் தாயா, புட்டிப்பாலா?

ஒரத்தநாட்டுப் பக்கம் 6 தாய்ப்பன்றிகளோடு வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். சென்ற கார்த்திகை அடைமழையில் அவற்றுள் ஒன்று 17 குட்டிகளை உயிரோடு ஈன்றது. அதற்கு உள்ளவை 14 காம்புகள்; பின்தொடையை ஒட்டிய 2 காம்புகளில் பால் சுரப்பதில்லை. பன்றிக்குட்டி பிறந்த இரண்டு மூன்று நாள்களில் தனக்கென ஒரு காம்பைப் பிடித்துக்கொண்டு, பால் மறக்கும் வரை அதையே நாடும் என்பதால், காம்பு கிடைக்காத 5 குட்டிகளுக்கு அன்றே வழி தேட வேண்டியதாயிற்று. புட்டிப்பாலையும் வளர்ப்புத் தாயையும் வெவ்வேறு ஈற்றுகளில் செய்து பார்த்தவன் என்ற முறையில், நான் வளர்ப்புத் தாயின் பக்கமே நிற்கிறேன்.

எந்த வழியானாலும் சீம்பால் பெற்ற தாயிடமே கிடைக்க வேண்டும். ஒரு நாள் கழிந்தால் குட்டியின் குடல் அதிலுள்ள எதிர்ப்புச் சக்தியை ஏற்காது. பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் கதகதப்பான பெட்டியில் ஒதுக்கிவைத்தால் சிறியவை வயிறாரக் குடித்துவிடும்.

புட்டிப்பாலின் வசதி, இன்னொரு தாயை எதிர்பார்க்க வேண்டாம் என்பதே. ஆனால் தாய்ப்பன்றி ஏறத்தாழ மணிக்கு ஒரு முறை பாலூட்டுகிறது. ஒவ்வொரு முறையும் பால் இறங்குவது சில நொடிகளே. அந்த ஓட்டத்துக்கு இரவும் பகலும் ஈடுகொடுக்க ஆள் வேண்டும். பசும்பால் பன்றிப்பாலைவிட நீர்த்தது என்பதால் பால்மாவு வாங்க வேண்டும். கரைத்த பால் சித்திரை வெயிலில் விரைவில் புளித்துவிடுவதால், ஒவ்வொரு வேளையும் தட்டையும் புட்டியையும் வெந்நீரில் கழுவியாக வேண்டும். ஒரு சித்திரையில் அறுவடைக்கு ஆள் போய்விட, இரண்டு வேளை கழுவுவதில் அசட்டையாக இருந்தேன். 5 குட்டிகளில் 2 கழிச்சலில் இறந்தன. மின்சாரம் நின்று வெப்ப விளக்கு அணைந்தால், அணைத்துக்கொள்ளத் தாய் இல்லாத இக்குட்டிகள்தாம் முதலில் நடுங்குகின்றன.

வளர்ப்புத் தாய் முறையில் இந்தச் சுமை இல்லை. ஆனால் காம்பு மிச்சமுள்ள இன்னொரு தாய் அதே ஓரிரு நாள்களில் ஈன்றிருக்க வேண்டும். இதை நல்வாய்ப்பு என்று விட்டுவிடக் கூடாது, நான்கு மாதங்களுக்கு முன்பே திட்டமிட வேண்டும் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. மூன்று தாய்களிடமிருந்து ஒரே நாளில் குட்டிகளைப் பிரித்தால், பெரும்பாலும் 4 முதல் 7 நாள்களுக்குள் மூன்றும் பருவத்துக்கு வரும். காலையும் மாலையும் முதுகை அழுத்திப் பார்த்து, அசையாமல் நிற்பதை அறிந்து சேர்த்தால், 114 நாள் சினைக்காலக் கணக்கில் ஈற்றும் அருகருகே அமையும். மற்ற மூன்றையும் 21 நாள் தள்ளிப் பிரிக்கிறேன். பருவச் சுழற்சி 21 நாள் என்பதால், முதல் குழுவில் சினை பிடிக்காமல் போன தாய் தானாகவே அடுத்த குழுவோடு சேர்ந்துகொள்கிறது. கோடை வெப்பத்தில் பருவம் தள்ளிப்போவதுண்டு. அந்தப் பருவத்தில் கணக்கு சற்றுப் பிசகும். மேலும், ஒரே ஆண்பன்றி வைத்திருப்போருக்கு மூன்று தாய்கள் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வருவது சுமைதான். செயற்கைக் கருவூட்டல் அங்கே கைகொடுக்கும்.

அந்தக் கார்த்திகையில், முந்தைய நாளே 9 குட்டிகள் ஈன்ற இரண்டாம் ஈற்றுத் தாய் பக்கத்துக் கொட்டிலில் இருந்தது. சீம்பால் குடித்து முடித்த பெரிய குட்டிகள் ஐந்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு நாள் மூத்த குட்டிகளோடு போட்டியிடும் வலு அவற்றுக்கே உண்டு. அந்த 14 குட்டிகளையும் அத்தாயின் வைக்கோலோடு ஒரே கூடையில் ஒரு மணி நேரம் கலந்துவைத்து, இருட்டியபின் விட்டேன். தாய் எழுந்து, ஒவ்வொன்றாக முகர்ந்து, ஒரு முறை உறுமி, மீண்டும் சாய்ந்து பாலிறக்கும் முனகலைத் தொடங்கியது. மறுநாள் காலை வயிறு ஒட்டியிருந்த ஒரு குட்டியை மட்டும் பெற்ற தாயிடமே திருப்பிவிட்டேன்.

ஈன்று பத்து நாள் கடந்த தாயிடம் புதுக்குட்டிகளை விடுவதை ஒரே முறைதான் செய்திருக்கிறேன். அது பலித்தது என்றாலும், அதைக்கொண்டு மற்றவருக்கு உறுதி சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு தாய்கள் மட்டுமே உள்ள பண்ணைக்குப் புட்டிப்பாலைவிட்டால் வேறு வழியில்லை. நானும் ஒரு பொட்டலம் பால்மாவை அவசரத்துக்கு வைத்திருக்கிறேன். ஆடிப்பெருக்கு கழிந்த மறுநாள் காலை முதல் குழுவின் குட்டிகளைப் பிரிக்கக் குறித்திருக்கிறேன். அந்தக் கணக்கில் அடுத்த ஈற்றும் கார்த்திகை மழையில்தான் வருகிறது.