பிதாவிடமிருந்து மட்டுமா, குமாரனிடமிருந்துமா?

பரிசுத்த ஆவியானவர் யாரிடமிருந்து புறப்படுகிறார் என்பதில் கிழக்கின் கிரேக்க சபையும் மேற்கின் லத்தீன் சபையும் வேறுபடுகின்றன. 381-இல் நடந்த கான்ஸ்டாண்டிநோப்பிள் சங்கத்தோடு (ஆயர்களின் பேரவை) இணைத்துச் சொல்லப்படும் விசுவாசப் பிரமாணத்தில், பரிசுத்த ஆவியானவர் 'பிதாவிடமிருந்து புறப்படுகிறார்' என்றுதான் இருந்தது. யோவான் 15:26-ஐ ஒட்டிய வாசகம் அது. 'குமாரனிடமிருந்தும்' எனப் பொருள்படும் 'ஃபிலியோக்குவே' என்ற லத்தீன் சொல் மேற்கத்திய சபை பிற்பாடு சேர்த்தது.

கிழக்கின் வாசகத்தில் பிதா ஒருவரே மூலம். அதுவே திரித்துவத்தின் ஒருமைக்குக் காவல். ஆனால் குமாரனுக்கும் ஆவியானவருக்கும் உள்ள உறவு சொல்லப்படாமல் நிற்கிறது. அந்த இடைவெளியைக் கிரேக்கப் பிதாக்கள் 'குமாரன் வழியாக' என்று நிரப்பினார்கள்.

மேற்கின் வாசகம் அந்த உறவை வெளிப்படையாகச் சொல்கிறது. குமாரன் பிதாவுக்குக் குறைந்தவர் என்ற ஆரியஸ் வழி உபதேசத்துக்கு ஸ்பெயினில் இது நல்ல பதிலடி. ஆபத்து, இரண்டு மூலங்கள் இருப்பதுபோல் தொனிப்பது. மேற்கத்திய இறையியலாளர் அகஸ்டின் அதனால்தான் 'முதன்மையாகப் பிதாவிடமிருந்து' என்றார். 1274 லியோன் சங்கமும் 'ஒரே மூலம்' என்று அழுத்திச் சொன்னது.

குழப்பத்தின் பாதி 'புறப்படுகிறார்' என்ற வினைச்சொல்லில் இருக்கிறது. கிரேக்க வினை முதல் ஊற்றிலிருந்து வருவதைக் குறிக்கும். லத்தீன் வினை எவ்விதப் புறப்பாட்டுக்கும் பொருந்தும். கிரேக்க இறையியலாளர் மாக்சிமுஸ் 7-ஆம் நூற்றாண்டிலேயே லத்தீன்காரர்கள் குமாரனை ஆவியானவரின் காரணராக்கவில்லை என்று விளக்கினார்.

உபதேசத்தைவிடப் பெரிய பிழை, பொதுப் பிரமாணத்தை ஒரு தரப்பு தானாகத் திருத்தியதே. போப் மூன்றாம் லியோ அந்த உபதேசத்தை ஏற்றவர். ஆனாலும் 'ஃபிலியோக்குவே' இல்லாத பிரமாணத்தையே வெள்ளித் தகடுகளில் பொறித்து ரோமில் வைத்தார். ரோமின் திருப்பலியில் அச்சொல் 1014-இல் நுழைந்தது. இன்றும் கத்தோலிக்கர் பிரமாணத்தைக் கிரேக்க மொழியில் சொல்லும்போது அதைச் சேர்ப்பதில்லை.