டால்ஃபினில் திக்கல்: ஊபர்ஷேடரா, ஸ்கிப் டிராயிங்கா?

நின்டெண்டோவின் கேம்கியூப், வீ ஆட்டங்களைப் பிசியில் ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டரில் புது எஃபெக்ட் ஒன்று முதல்முறை வரும் நொடியில் படம் திக்கி நிற்கிறதா? கேம்கியூபின் கிராஃபிக்ஸ் சிப்பில் இன்றைய பாணி பிக்சல் ஷேடர் (ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்) கிடையாது; நிறங்களைப் படிப்படியாகக் கலக்கும், 16 கட்டம் வரை போகும் டெவ் (TEV) அமைப்புதான். அதில் இதுவரை வராத ஒரு அமைவு வரும்போதெல்லாம் நம் பிசி புதிதாக ஒரு ஷேடரைக் கம்பைல் செய்கிறது, அதாவது கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரியும்படி மாற்றுகிறது. அந்தக் காத்திருப்புதான் திக்கல். அதைத் தவிர்க்க செட்டிங்கில் உள்ள வழிகளில் இரண்டை ஒப்பிடலாம்.

வேலை
ஹைபிரிட் ஊபர்ஷேடர் (2017-இல் வந்தது): கம்பைல் முடியும்வரை, அந்தச் சிப்பையே போலச் செய்யும் ஒரு பெரிய ஷேடர் வரைந்து தரும்.
ஸ்கிப் டிராயிங்: தயாராகாததை வரையாமல் விடும்.

படம்
ஊபர்ஷேடர்: எதுவும் மறையாது.
ஸ்கிப்: கதவு திறந்தால் அறை இருக்கும், எதிரி கொஞ்சம் கழித்துத்தான் முளைப்பார். அதையாவது பொறுக்கலாம். ஆட்டம் ஒரே தடவை வரைந்து சேமித்துக்கொள்ளும் படம் தவறினால், அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். எனக்கு இது பெரிய குறை.

சுமை
ஊபர்ஷேடர்: கிராஃபிக்ஸ் கார்டு தெம்பாக இருக்க வேண்டும், ரெசல்யூஷன் கூட்டினால் இன்னும் திணறும்.
ஸ்கிப்: கூடுதல் சுமை இல்லை.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஹைபிரிட். பழைய லேப்டாப் என்றால் முதலில் ரெசல்யூஷனைக் குறைத்து ஹைபிரிட்டையே முயன்று பாருங்கள். அப்புறமும் இழுத்தால் மட்டும் ஸ்கிப்.