காரைக்குடியில் ஒவ்வாமைக்கு இரத்தப் பரிசோதனை: இரண்டு ஆய்வகங்கள், இரண்டு அறிக்கைகள்

இறால் தொக்கு சாப்பிட்ட ஓர் இரவில் என் மகளுக்கு உடலெங்கும் தடித்துவிட்டதால், காரைக்குடியில் அடுத்தடுத்து இரண்டு ஆய்வகங்களில் ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனை செய்தோம். இரண்டுமே, ஒவ்வாமையின்போது உடல் உண்டாக்கும் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளைத்தான் தேடின; ஆனால் தேடிய முறை வேறு.

முதல் ஆய்வகத்தில் பல உணவுப் பொருள்களின் சாறு கோடுகோடாகப் பூசப்பட்ட பட்டையில் சீரத்தை, அதாவது இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, ஊற்றி, எந்தக் கோடு நிறம் மாறுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். கொஞ்சம் இரத்தத்திலேயே பலவற்றைப் பார்த்துவிடலாம் என்றாலும், இம்முறை அளவைத் தோராயமாகவே காட்டும். அறிக்கையில் முறையின் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. இறால், கோதுமை, வேர்க்கடலை மூன்றுக்கும் நேராக ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் இருந்தது. நாள்தோறும் சப்பாத்தி சாப்பிட்டு எந்தத் தொந்தரவும் இல்லாதிருந்த பிள்ளைக்கு, அந்த ஒரு சொல்லை நம்பி ஆறு வாரம் கோதுமையை நிறுத்தியது எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான்.

மருத்துவர் அனுப்பிய இரண்டாவது ஆய்வகம் இங்கே இரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பி, இம்யூனோகேப் முறையில் சோதிக்கிறது. சிறு குப்பிக்குள் பஞ்சு போன்ற செல்லுலோஸில் இறால் புரதத்தைப் பிணைத்துவைத்து, அதில் வந்து ஒட்டும் ஐஜிஇயை நொதி சேர்த்த மற்றோர் எதிர்ப்பொருளால் பிடித்து, எழும் ஒளிர்வை அளக்கிறார்கள். ஒளிர்வு கூடினால் ஐஜிஇயும் கூடுதல். 1967இல் வந்த ராஸ்ட் முறையில் இதே வேலைக்குக் காகித வில்லையும் கதிரியக்க அயோடினும் பயன்பட்டன. பழைய மருத்துவர்கள் இன்றும் இதை ‘ராஸ்ட்’ என்றே எழுதிக் கொடுப்பது அதனால்தான்.

ஊசியைக் கண்டு மிரண்டவளிடம், “ஆயா கையைப் பிடிச்சுக்க பாப்பா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்” என்று சொல்லி ஒரே குத்தில் எடுத்தார் அங்கிருந்த பெண். ஒவ்வாமைக்கான செட்டிரிசின் மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று கேட்டதற்கு, தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்குத்தான் நிறுத்த வேண்டும், இரத்தப் பரிசோதனைக்குத் தேவையில்லை என்று சரியாகவே விளக்கினார்.

ஐந்தாம் நாள் வந்த அறிக்கையில் இறால் லிட்டருக்கு 6.8 கிலோ யூனிட், கோதுமை 0.12. வழக்கமாக 0.35ஐத் தாண்டினால்தான் பாசிட்டிவ் என்பார்கள். வீட்டுத் தூசிப் பூச்சிக்கு 11.4 இருந்ததைப் பார்த்த மருத்துவர், இறாலுக்கும் அப்பூச்சிக்கும் ட்ரோபோமயோசின் என்ற ஒத்த புரதம் இருப்பதை விளக்கி, எண் கூடியிருப்பதாலேயே நோய் என்று கொள்ளக்கூடாது, உடம்பு காட்டும் அறிகுறியோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார். வளவில் பூட்டிக் கிடந்த அறையைக் கூட்டும்போதெல்லாம் அவள் அடுக்குத் தும்மல் போடுவது அப்போதுதான் எங்களுக்கு நினைவுக்கு வந்தது.

ஒரே குறை, கேட்காமலேயே மொத்த ஐஜிஇயையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வயிற்றில் புழு இருந்தாலும் அது ஏறும் என்பதால், இறால் பற்றிய கேள்விக்கு அது விடை தராது. வேண்டாம் என்றதும் மறுபேச்சின்றி நீக்கினார்கள்.

ஓராண்டு கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட முடியாது என்பதால், இந்த இரண்டாவது ஆய்வகத்துக்கே போவோம்.