பவர் ஏற்றித் தருகிறேன் என்று ₹1,65,000 வாங்கிய டியூனிங் கராஜ்: நெல்லைப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

₹1,65,000. தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று ராத்திரியிலிருந்து மண்டைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை. திருநெல்வேலியில் நான்கு வழிச்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு பெர்ஃபாமன்ஸ் டியூனிங் கராஜில் கொடுத்த பணம். பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. ஷெட்டுக்குள் சிவப்பு லைட் கட்டி, எஞ்சின் உறுமுகிற ரீல்ஸ் போட்டே ஆள் பிடிக்கிற வகைக் கடை. இந்த மாதிரி இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோவதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

வண்டி 2006 மாடல் பென்ஸ் சி200 கொம்ப்ரெஸர். "பென்ஸ்காரனுக்கு இதெல்லாம் ஒரு காசா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: நான் மூணாவது ஓனர். வாங்கிய விலைக்கு இன்று ஷோரூமில் ஆகச் சின்னக் கார்கூட வராது. 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்து, பார்த்துப் பார்த்து வைத்திருக்கிற வண்டி. 1,796 சிசி, நாலு சிலிண்டர், பெல்ட்டில் ஓடுகிற சூப்பர்சார்ஜர். கம்பெனிக் கணக்குக்கு 5,500 சுற்றில் 163 குதிரைத்திறன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தக் கராஜ்காரன் என்னை எப்படி ஏமாற்றினான் என்பது புரியாது. டர்போ என்பது புகைபோக்கியில் போகிற வாயுவின் வேகத்தில் சுற்றுவது. சூப்பர்சார்ஜரை கிராங்க் ஷாஃப்ட்டே பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும், காற்றை உள்ளே திணிக்கும். அதன் முன்னால் இருக்கிற புல்லியைச் சின்னதாக மாற்றினால் அதே எஞ்சின் வேகத்துக்கு அது கூடுதலாகச் சுற்றும், காற்றும் கூடும். கூடிய காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலையும் ஸ்பார்க் டைமிங்கையும் ஈசியூவில், அதாவது எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டரில், மாற்றி எழுத வேண்டும். காற்றை அமுக்க அமுக்கச் சூடும் ஏறும், அதனால் அந்தக் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலரும் தாங்க வேண்டும். புல்லி, மேப் (ஈசியூவில் எழுதுகிற அந்தக் கணக்கு), கூலிங் மூன்றும் சேர்ந்துதான் பவர். இதைச் செய்து 200 குதிரைத்திறன் தாண்டவைத்துத் தருகிறேன் என்றான்.

நம்பினேன். ஏன் நம்பினேன் என்றால் அவனுக்கு வேலை தெரியும். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். ஒன்றும் தெரியாதவனாக இருந்தால் வாசலிலேயே திரும்பியிருப்பேன். போனட்டைத் திறந்ததும் நேராக எஞ்சினுக்கு முன்பக்கம், கேம்ஷாஃப்ட் மேக்னட்டில் மாட்டியிருக்கிற சின்னக் கனெக்டரைக் கழற்றினான். பாக்கெட்டிலிருந்து டிஷ்யூ பேப்பரை எடுத்து, ஊசி முனையாகத் திருகி, கனெக்டருக்குள் விட்டு எடுத்து என் கண்ணுக்கு முன்னால் காட்டினான். "பாத்தீயளா அண்ணாச்சி, காய்ஞ்சு கெடக்கு. இந்த எஞ்சின்ல மேக்னட் லீக் ஆச்சுன்னா ஆயில் வயருக்குள்ளயே ஏறி ஈசியூ வரைக்கும் போயிரும். இதப் பாக்காம டியூன் பண்றவன் மெக்கானிக்கே இல்ல." அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, இந்த எஞ்சினுக்குத் தெரிந்த வியாதி அது. டைமிங் செயின் சத்தத்தையும் காது வைத்துக் கேட்டான். சுக்கு காப்பி வரவழைத்தான். அட்வான்ஸ் எவ்வளவு என்று நானே கேட்டதற்கு, "பைசாவப் பத்தி இப்ப என்னத்துக்கு? வேல முடியட்டும், ஓட்டிப் பாருங்க, மனசுக்குப் புடிச்சாத் தாங்க" என்றான்.

இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன சொல்ல வேண்டும்?

மறுநாளே போன். புல்லி கிட் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், டீலர் முழுப் பணம் கேட்கிறான், ஒரு 90 போட்டுவிடுங்கள் என்று. போட்டேன். அப்புறம் பெல்ட், மேப்புக்கு லைசென்ஸ், லேபர், டைனோ (வண்டியின் பவரை அளக்கிற மெஷின்) என்று ஒவ்வொன்றாகக் கேட்டு இன்னொரு 75. அதில் பாதி அவன் மச்சான் நம்பருக்கு ஜிபே. ஆக மொத்தம் ₹1,65,000. பில் கேட்டதற்கு, "எல்லாத்தையும் சேத்து ஒரே பில்லாப் போட்டுத் தாரேன்" என்றான்.

வண்டியைக் கொடுக்கும்போது ஒரு டைனோ ஷீட்டும் கொடுத்தான். வழுவழுப்பான தாள், கலர் பிரிண்ட், 204 என்று பெரிய எழுத்து. சந்தோஷத்தில் அன்றைக்கு அந்த எண்ணுக்கு மேல் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. கிளப்பிக்கொண்டு நாங்குநேரி டோல் வரைக்கும் போனேன். ஆக்ஸிலரேட்டர் கொஞ்சம் விறைப்பாக, மிதித்தவுடன் துள்ளுகிற மாதிரி இருந்தது. பெடல் துடிப்பைக் கூட்டிவைத்தாலே அப்படித்தான் இருக்கும் என்று இப்போது தெரிகிறது. மற்றபடி கயிறு கட்டிப் பின்னால் இழுக்கிற மாதிரி ஒரு சுணக்கம்.

சாயம் வெளுத்தது புளியரையில். தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றம். நல்ல வெயில், வண்டியில் நாலு பேர், ஏ.சி. ஓடுகிறது. எஸ் வளைவில் மூணாவது கியரில் மிதித்தால், கடலை வறுக்கிறவன் சட்டியில் கரண்டியைத் தட்டுகிற மாதிரி போனட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம், சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரம் தப்பித் தானாக வெடிக்கிற சத்தம். நாக்கிங். காலை எடுத்தால் நிற்கிறது, மிதித்தால் தட்டுகிறது. பின்னால் வந்த கேரளா அரசு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. ₹1,65,000 செலவழித்த பிறகு!

அதற்கப்புறம் ஆரம்பித்தது தட்டிக்கழிப்பு. முதலில், "ஈசியூ படிச்சுக்கிடும் அண்ணாச்சி, ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டுச் சொல்லுங்க." ஓட்டிவிட்டுச் சொன்னேன். "பெட்ரோல் சரியில்ல, எக்ஸ்பி 100 போடுங்க." நான் போடுவது 95 ஆக்டேன், பெட்ரோல் மூடியிலேயே கம்பெனி எழுதியிருப்பது அதுதான், அதை முதல் நாளே இவனிடம் சொல்லியும் இருந்தேன். அந்த 100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் டெல்லி, மும்பை, புனே மாதிரி ஊர்களில் இறக்கியது. பாளையங்கோட்டைக்காரன் அதற்காக எங்கே போய் வரிசையில் நிற்பது? அப்புறம், லேப்டாப் பார்க்கிற பையன் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருக்கிறான் என்றான். அப்புறம் அந்தப் பையன் வேலையை விட்டே போய்விட்டான் என்றான். அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனால், வேறொரு வண்டிக்காரருக்குச் சுக்கு காப்பி ஊற்றிக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்து, "யாரு, அந்த பென்ஸா?" என்று கேட்கிறான்.

மதுரையில் பழைய ஜெர்மன் வண்டிகள் மட்டும் பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வயசாளி, அதிகம் பேசமாட்டார். பெல்ட்டை இறக்கிவிட்டு, சூப்பர்சார்ஜர் புல்லியை டார்ச் அடித்துப் பார்த்தார். பளபளவென்று கறுப்பு பெயிண்ட். கட்டை விரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது, அடியில் பழைய இரும்பு, இருபது வருஷத்துத் துரு. பெல்ட் உட்காருகிற பள்ளத்திலும் பெயிண்ட் அப்பிக்கிடந்தது, பெல்ட்டில் கறுப்புத் தூளாக ஒட்டியிருந்தது. வெர்னியரை வைத்து அளந்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். தூத்துக்குடியில் ஒரு நண்பரிடம் இதே எஞ்சின், யாரும் கைவைக்காத வண்டி இருக்கிறது. அதை அளக்கச் சொன்னேன். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இல்லை. வெளிநாட்டுப் புல்லி என்று 90 ஆயிரம் வாங்கியவன், என் புல்லிக்கே பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறான்.

மேப்பையும் எடுத்துப் பார்த்தார். பெட்ரோல் பக்கம் ஒன்றும் தொடவில்லை. லோடு ஏறுகிற இடமெல்லாம் ஸ்பார்க் டைமிங்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் தள்ளிவைத்திருக்கிறது. டைமிங் அளவுக்கு மேல் முன்னால் போனால் நாக்கிங் வரும். நாக் சென்சார் அதைக் கேட்டு டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். இழுத்தால் பவர் போகும். ஆக, பணம் கொடுத்து இருந்த பவரையும் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் தெளித்த மாதிரி இருந்த புள்ளிகளைக் காட்டினார். நாக்கிங்கின் அடையாளம். ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் மற்றதைவிடக் கொஞ்சம் குறைவு. இப்படியே ஓட்டினால் பிஸ்டனில் ரிங் உட்காருகிற இடுக்கு உடையும் என்றார்.

டைனோ ஷீட்டை அவர் கையில் கொடுத்தேன். ஒரு பார்வைதான். "இது டீசல் வண்டிது சார்" என்றார். கோடு 2,000 சுற்று வரைக்கும் படுத்துக்கிடந்து, திடீரென்று எழும்பி, 4,600-ல் முடிகிறது. சூப்பர்சார்ஜர் வண்டிக்கு டார்க் (இழுவிசை) கீழேயிருந்தே பரவலாக வரும். என் எஞ்சின் தன் 163-ஐத் தொடுவதே 5,500 சுற்றில். எவனோ ஒருவனுடைய டர்போ டீசல் ஷீட்டில் என் வண்டி நம்பரை ஒட்டி பிரிண்ட் போட்டிருக்கிறான்.

இதையெல்லாம் கொண்டுபோய் முன்னால் வைத்தேன், ₹1,65,000-ஐத் திருப்பிக் கொடு, இல்லை பில்லைக் கொடு என்று. அப்போது சொல்கிறான்: "பில் எப்படிப் போட முடியும்? எஞ்சின மாத்துறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி தப்புல்லா. சுப்ரீம் கோர்ட்டே 2019-ல சொல்லிட்டு. பில் போட்டா ஒங்களுக்குத்தான் ஃபைன் வரும், பாத்துக்கிடுங்க." அவன் சொன்ன சட்டமும் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. விதியை மீறி வண்டியை மாற்றினால் ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ போடலாம். ஆனால் பணம் வாங்குவதற்கு முன்னால் நான் இதைக் கேட்டபோது, "மேப் மாத்துறதெல்லாம் ஆர்.டி.ஓ. பாக்கற வேலையே இல்ல அண்ணாச்சி, நீங்க யோசிக்காதீய" என்று சொன்னவனும் இவனேதான். பணம் போகும்வரை சட்டம் இல்லை, போன பிறகு சட்டம்! அதோடு, இவன் புல்லியை மாற்றவே இல்லையே, எதற்கு ஃபைன்? அதைக் கேட்டதும், "கேஸ் போட்டுக்கோங்க" என்று ஷட்டருக்குப் பின்னால் போய்விட்டான்.

போடத்தான் போகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஜிபே விவரம், வாட்ஸ்அப் பேச்சு, மதுரைக்காரர் எழுதிக்கொடுத்த சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாக: கழற்றிய பழைய பார்ட்டை கையில் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். டைனோ ஓடும்போது கூடவே நில்லுங்கள், வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. பழைய மேப் ஃபைலை பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். மச்சான் நம்பருக்கு ஜிபே கேட்டால் கிளம்பிவிடுங்கள். சுக்கு காப்பி கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

என் வண்டியின் ஒரிஜினல் மேப் அவனிடம் இல்லையாம், அழிந்துவிட்டதாம். தூத்துக்குடி நண்பர் வண்டியிலிருந்து எடுத்துப் போடலாமா, இல்லை ஈசியூ நம்பர் ஒத்துப்போக வேண்டுமா? இந்த எஞ்சினில் வேலை செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அதுவரை வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது.