காலை பத்து மணிக் கள்ளு: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு ஷாப்பு, பீர் பிரியர்களின் பார்வையில்

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கொழிஞ்சாம்பாறை போகிற ரோட்டில், தென்னந்தோப்பை ஒட்டி ஓடு போட்ட ஷாப்பு. பேர் கிடையாது. பலகையில் மலையாளத்தில் "கள்ளு", அதற்குக் கீழே ஷாப்பு எண், அவ்வளவுதான். சின்ன ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீருக்காகக் கோவையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து பெங்களூரு போகிற கூட்டத்துக்கு இந்த ஷாப்பைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் நேரம் பார்த்துப் போக வேண்டும். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை கள்ளு அருமை. இரண்டு மணிக்குச் சுமார். நாலு மணிக்குப் போனால் காலைக் கள்ளைத் தொடாமல் அந்திக் கள்ளு வரும்வரை உட்கார்ந்திருப்பது நல்லது.

பீர் ஆசாமிகளுக்குக் கள்ளு ஷாப்பில் என்ன வேலை என்று கேட்கலாம். 2009-ல் புனேயில் டூலாலி தொடங்கியபோது நாட்டுக்கே மைக்ரோப்ரூவரி (சிறு பீர் ஆலை) புதுசு. அடுத்த சில வருஷங்களில் பெங்களூரு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று அங்கே ஹெஃபவைட்சன் என்ற கோதுமை பீரும், ஹாப்ஸ் கசப்பு தூக்கலான ஐபிஏவும் ஏரியாவுக்கு ஏரியா கிடைக்கிறது. எல்லையிலுள்ள வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அந்த அலை வந்து சேரவில்லை. கிடைப்பதெல்லாம் பெரிய ஆலை லாகர் பீர். இங்கே ஆலை என்று பேச்செடுத்தாலே முதல் கேள்வி தண்ணீர்தான். ஒரு லிட்டர் பீர் காய்ச்சக் கழுவுவது, குளிரவைப்பது எல்லாம் சேர்த்து ஐந்தாறு லிட்டர் தண்ணீராவது போய்விடும். தண்ணீர்ப் பிரச்சினையில் பிளாச்சிமடை கோகோ கோலா ஆலை 2004-ல் மூடியது இதே சித்தூர் வட்டாரத்தில்தான். 2025 ஜனவரியில் எலப்புள்ளி மதுபான ஆலைக்கு கேரள அமைச்சரவை அனுமதி கொடுத்தபோதும் ஊர் கேட்ட கேள்வி அதுவே. மலைக்கணவாய்க் காற்றும் குறைந்த மழையும் உள்ள இந்தக் கிழக்குப் பாலக்காட்டில், தினமும் சின்ன அளவில், ஒவ்வொரு முறை இறக்குவதும் வேறு வேறு ருசியாக நொதிக்கிற ஒரே சரக்கு கள்ளுதான். கேரளத்தின் பல மாவட்ட ஷாப்புகளுக்கும் கள்ளு இந்த வட்டாரத்திலிருந்துதான் வண்டியேறுகிறது. அதாவது நாம் குடிப்பது ஊற்றுக்கண்ணில். அதுவே பாதி வெற்றி.

இனி சரக்கு. பீர் காய்ச்சுகிறவர் மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த தானியம்) வெந்நீரில் ஊறவைத்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட வேண்டும். தென்னை இதில் பெரும்பகுதியை மரத்திலேயே முடித்துத் தருகிறது. பாளையில் ஊறும் சாற்றில் சுமார் 12 முதல் 15 சதவீதம் சர்க்கரை, பெரும்பாலும் சுக்ரோஸ். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் கணக்கில் 1.048 முதல் 1.061 வரை, அதாவது ஒரு வீட் பீரிலிருந்து ஐபிஏ வரைக்குமான தொடக்க அடர்த்தி. முழுக்க நொதித்தால் ஆறு, ஏழு சதவீத ஆல்கஹால் வரும். கேரளத்தின் 2002 விதிகள் தென்னங்கள்ளுக்கு 8.1, பனங்கள்ளுக்கு 5.2 சதவீதம் என்று ஆல்கஹால் உச்சவரம்பு வைத்தன. மரத்தில் சர்க்கரை நன்றாக ஏறியிருந்து, கள்ளு கடைசிவரை நொதித்தால்தான் தென்னையில் அந்த எட்டு வரும். ஷாப்பில் மத்தியானக் கள்ளு அநேகமாக நாலுக்கும் ஆறுக்கும் நடுவே நிற்கும்.

ஈஸ்ட்டை யாரும் போடுவதில்லை. காற்றிலும் பாளையிலும் பூச்சிக் காலிலும் இருப்பது போதும். அதைவிட முக்கியம், முந்தின நாள் கள்ளு காய்ந்து ஒட்டியிருக்கும் முட்டியின் (பாளையில் கட்டும் கலயம்) உட்புறம். பெல்ஜியத்தில் லாம்பிக் பீருக்குத் திறந்த தொட்டியில் காற்று ஈஸ்ட்டைப் பிடித்து, மரப்பீப்பாயில் ஒன்றிலிருந்து மூன்று வருஷம் போட்டு வைப்பார்கள். அதே கூட்டணி, அதாவது ஈஸ்ட், புளிப்பு தரும் லாக்டிக் பாக்டீரியா, கடைசியில் வினிகராக்கும் அசிட்டிக் பாக்டீரியா, இங்கே ஒரே பகலில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகிறது. கூடுதலாக சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் ஈஸ்ட்டோடு போட்டி போட்டு ஆல்கஹால் உண்டாக்கும். முப்பது டிகிரிக்கு மேல் வெயில், ஹாப்ஸின் கசப்புப் பாதுகாப்பு கிடையாது, கொதிக்கவைப்பதும் கிடையாது. பீர் கப்பலேறிப் போகும், கள்ளு அடுத்த மாவட்டம் போவதற்குள் ஆள் மாறிவிடும் என்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ருசியின் பாதி மரத்து மேலேயே தீர்மானமாகிவிடுகிறது. விரியாத பாளையை நாரால் இறுக்கிக் கட்டி, காலையும் மாலையும் மெதுவாகத் தட்டி, ஒரு வாரத்துக்கு மேல் பதப்படுத்திய பிறகுதான் சாறு வரத் தொடங்கும். அதன்பின் தினமும் நுனி சீவ வேண்டும். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீரும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைத்து ஒழுக்கு நின்றுபோகும். சீவு தாள் கனத்துக்கு விழ வேண்டும் என்பது கணக்கு. முட்டியில் சுண்ணாம்பு தடவினால் நொதிப்பு தடைபட்டு இனிப்புச் சாறாக நிற்கும். தடவாவிட்டால் மரத்திலேயே கள்ளாகத் தொடங்கிவிடும். கீழே இறங்கியதும் பன்னாடையில் (தென்னை மட்டையடியில் இருக்கும் வலை போன்ற நார்) வடிகட்டல், தேனீயும் எறும்பும் அதில் நின்றுவிடும். நைலான் வலை வந்த பிறகும் இந்த ஷாப்புக்குக் கள்ளு கொண்டுவருகிறவர்கள் பன்னாடையை விடவில்லை, அது பாராட்ட வேண்டிய விஷயம்.

பாராட்டு அங்கேயே நிற்க வேண்டியிருக்கிறது. தோப்பிலிருந்து ஷாப்புக்குக் கள்ளு வருவது பிளாஸ்டிக் கேனில். பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் கீறல் விழுந்தால் பிரஷ் போட்டாலும் அசிட்டிக் பாக்டீரியா அதை விட்டுப் போகாது. பீர் காய்ச்சுகிறவர்கள் பழைய பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிப் போடுவது அதற்காகத்தான். ஒரே தோப்பு, ஒரே நேரம் இறக்கிய கள்ளு, ஒரு கேனில் சுத்தமாகவும் இன்னொன்றில் காடி (வினிகர்) நெடியோடும் இருந்தால் குற்றம் மரத்துடையது அல்ல. இங்கே அப்படி அடிக்கடி நடக்கிறது. கேட்டால் வேறு கேனிலிருந்து மாற்றித் தருவார்கள், முகம் சுளிப்பதில்லை. பரிமாறுகிறவரிடம் எப்போது இறக்கியது என்று கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வார்: "ஏனுங்ண்ணா, இது வெடியால எறக்குனது, கொஞ்சம் ஏறியிருக்குமுங்க. இனிப்பாட்ட வேணும்னா அந்திக்கு வாங்க."

அந்த "ஏறியிருக்கும்" என்பதை மணிக்கணக்கில் பிரித்துச் சொல்கிறோம். இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள்: இளநீர் வாசம், தூக்கலான இனிப்பு, லேசான பிசுபிசுப்பு. லூகோனாஸ்டாக் பாக்டீரியா சுக்ரோஸிலிருந்து டெக்ஸ்ட்ரான் என்ற பசை கட்டுவதால் வரும் வழவழப்பு அது, கெட்டுப்போனதன் அடையாளமில்லை. முதல்முறை குடிக்கிறவர்களுக்கு இதுதான் பிடிக்கும், நமக்கு இது வெல்லப்பாகு. நாலு மணி நேரத்தை ஒட்டி இனிப்பு பாதியாகி, லாக்டிக் புளிப்பு எழுந்து, நாக்கில் கார்பனேஷன் (வாயுக் குமிழி) குத்தும். பெர்லினர் வைஸ, கோஸ மாதிரியான புளிப்பு பீர் பிடிப்பவர்கள் இந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிடக் கூடாது. வாழைப்பழத்தோல் வாசம் ஒன்று அடியில் இருக்கும். ஹெஃபவைட்சனில் வருகிற அதே எஸ்டர் (பழவாசம் தரும் சேர்மம்) குடும்பம். எட்டு மணி நேரம் தாண்டினால் இனிப்பு போய் ஆல்கஹால் சூடு தெரியும், தொண்டையில் காடி உரசும். வெயிலில் வேகமாக நொதித்த எதிலும் ஃபியூசல் என்ற கனமான ஆல்கஹால் கூடும்; மறுநாள் தலைவலிக்குக் கள்ளைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் குடித்தவர்கள். மறுநாளைக் கள்ளு மீன்குழம்புக்கு வினிகராக ஆகும், வேறெதற்கும் ஆகாது.

காலை இறக்குவது ராத்திரி முழுக்க முட்டியில் கிடந்தது என்பதால் வரும்போதே ஓரளவு ஏறித்தான் வரும். அந்திக் கள்ளு பகலில் ஊறியது, இளசு. எனவே பத்து மணிக் கள்ளுதான் நம் நாக்குக்கு. குடும்பத்தோடு வந்து ருசி மட்டும் பார்க்கிறவர்களுக்கு அந்தி.

பருவமும் பார்க்க வேண்டும். கோடையில் ஊறல் குறையும். மழை நாளில் முட்டியில் தண்ணீர் விழுந்து கள்ளு நீர்த்துவிடும், பாளை ஓரமாக வழிந்த தண்ணீரின் மண்வாசம் கூட வரும். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்ட சுருள் வெள்ளை ஈ இந்தத் தோப்புகளையும் விடவில்லை. ஓலையில் கரும்பூஞ்சணம் படிந்த தோப்புகள் ரோட்டிலிருந்தே தெரிகின்றன. மழை ஓய்ந்து பனி தொடங்கும் மாதங்கள்தான் சரியான காலம்.

கண்ணாடி கிளாஸ் விஷயத்தில் ஷாப்பு தோற்றுவிட்டது. மத்தி வறுவல் தின்ற விரல் பட்ட கிளாஸ் சோப்பு வாளியில் ஒரு முக்கு, தண்ணீரில் ஒரு முக்கு, மறுபடி மேஜைக்கு. ஊற்றியதும் கிளாஸ் சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதென்று அர்த்தம், நுரையும் உடனே செத்துவிடும். பீர் பார்களில் இதைச் சொல்லிக் கொடுத்தே ஆள் எடுப்பார்கள். எவர்சில்வர் டம்ளர் கேட்டு வாங்கிக்கொள்வது உத்தமம். மண்குடுவையில் கேட்காதீர்கள். பார்வைக்கு அழகு, ஆனால் நுண்துளைகளில் பழைய காடி தங்கி, நல்ல கள்ளையும் சீக்கிரம் ஏற்றிவிடும்.

கலப்படம் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். 2010-ல் மலப்புறத்தில் மெத்தனால் கலந்த கள்ளு உயிர்களைப் பலி வாங்கியது மறக்கக்கூடியதல்ல. மெத்தனாலை நாக்கு கண்டுபிடிக்காது, அதற்கு லேப்தான் வேண்டும், எனவே லைசென்ஸ் பலகை இல்லாத இடத்தில் ஒரு மடக்குக்கூட வேண்டாம். சாக்கரின் கலந்த அன்றாடக் கலப்படத்துக்கு ஒரு சோதனை உண்டு. முதல் கிளாஸில் கால்வாசியை மூடாமல் மேஜை ஓரம் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்துப் பாருங்கள். உயிருள்ள கள்ளு அதற்குள் நிச்சயம் மாறியிருக்கும்: இனிப்பு இறங்கி, புளிப்பு ஏறி, அடியில் ஈஸ்ட் மெல்லிய வெள்ளையாகப் படியும். ஒரு மணி கழித்தும் அதே இனிப்பு, நாக்கின் பின்பக்கம் கசந்து நிற்கிறது என்றால் சாக்கரின். சாயங்காலம் ஐந்து மணிக்குக் காலைக் கள்ளு தேன் மாதிரி இனித்தால் சோதனையே தேவையில்லை, எழுந்து வந்துவிடலாம். இந்த ஷாப்பின் கள்ளு சோதனையில் தேறுகிறது.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) குடம்புளி போட்ட மீன்கறியும் நன்று. புளிப்புக் கள்ளுக்கு இன்னொரு புளிப்பு சேராது என்று நினைப்பவர்கள் ஒருமுறை சேர்த்துப் பார்க்கட்டும். தாரா (வாத்து) ரோஸ்ட்டில் மிளகு அதிகம், கள்ளின் வாசத்தை அடித்துவிடுகிறது. போட்டி (குடல் கறி) சுமார். பெங்களூருவில் ஒரு பைன்ட் (பெரிய கிளாஸ்) கிராஃப்ட் பீருக்குக் கொடுக்கும் பணத்தை ஒட்டி இங்கே ஒருவர் குடித்து, வயிறும் நிரம்பிவிடும்.

பார்சல் கட்டிக்கொண்டு வர நினைப்பவர்களுக்கு: கேரளத்துக்குள் ஒருவர் கையில் 1.5 லிட்டர் வரைதான் வைத்திருக்கலாம். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987-லிருந்து தடை, எனவே செக்போஸ்ட் தாண்டினால் அதே பாட்டில் வழக்காகிவிடும். சட்டத்தை விட்டாலும் பௌதிகம் விடாது. நொதித்துக்கொண்டிருக்கும் கள்ளை பீர் பாட்டிலில் இறுக்கி மூடி வெயிலில் நிற்கிற காருக்குள் வைத்தால் கண்ணாடி வெடிக்கும். ஷாப்பிலேயே மூடியை இறுக்காமல் ஓலைத் துண்டைச் செருகித்தான் வைத்திருப்பார்கள். ஃபிரிட்ஜ் நொதிப்பை மெதுவாக்கும், நிறுத்தாது.

கேரளத்தில் குடிக்கும் வயது 23. கோவைக் கல்லூரிக் கூட்டம் கவனிக்க. வண்டியில் வருபவர்களில் ஒருவராவது கள்ளைத் தொடாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் பஸ். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவும் கொழிஞ்சாம்பாறைக்கு வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதீர்கள். கூட்டம் மூன்று மடங்கு, மரம் அன்றைக்கென்று கூடுதலாக ஊறப் போவதில்லை. பக்கத்து ஷாப்புகளில் அன்று ராத்திரி வரை கள்ளு தீராமல் வருகிறது, எப்படி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இந்த ஷாப்பில் ஞாயிறு மத்தியானம் ஒன்றரைக்கெல்லாம் "தீந்துபோச்சுங்க" என்று கேனைக் கவிழ்த்துக் காட்டிவிடுகிறார்கள்.