ஆளை எடைபோட: இனத்தை வைத்தா, பழகிப் பார்த்தா?

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை விடுதியாக்கியவர்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது தடுமாறுகிறார்கள். "வடக்கத்திப் பையன் உழைப்பான், நம்மூர்க்காரன் லீவு போடுவான்" என்ற ஊர்ப்பேச்சை நம்புவதா, ஒரு வாரம் வேலை கொடுத்துப் பார்ப்பதா?

செலவு: ஊர்ப்பேச்சு இலவசம். பழகிப் பார்க்க ஒரு வாரச் சம்பளம் போகும்.

வேகம்: ஊர்ப்பேச்சுக்குப் போட்டியே இல்லை.

நம்பகம்: விஷயமே இங்கேதான். 1933-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்கள் 100 பேரிடம் பல இனத்தாரின் குணங்களைக் கேட்டார்கள். துருக்கியர் என்றதும் பலர் 'கொடூரமானவர்கள்' என்றார்கள். அவர்களில் எத்தனை பேர் துருக்கியரோடு பழகியிருப்பார்கள்? 2005-ல் வெளியான, 49 பண்பாடுகளை எடுத்துக்கொண்ட ஆய்வில், தம் நாட்டவரின் குணம் என்று மக்கள் சொன்னது, அந்த நாட்டவரின் குணங்களை அளந்து பார்த்த சராசரியோடு பொருந்தவில்லை. சொந்த நாட்டுக்கே இந்தக் கதி!

பழகிப் பார்ப்பதிலும் ஓட்டை உண்டு. நேரத்துக்கு வருகிறாரா, கணக்கு சரியா என்று கவனிக்க வேண்டியதை முதலிலேயே எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் பழைய எண்ணம்தான் கண்ணில் தெரியும்.

சரி, எதற்கு எது? வரும் விருந்தாளிக்குக் காரம் குறைக்கலாமா என்று ஊகிக்கப் பொதுப்பேச்சு போதும், கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. சாவிக்கொத்தைக் கொடுக்க, கல்லாவில் உட்காரவைக்க அந்த ஒரு வாரச் சம்பளத்தைச் செலவழியுங்கள்.